இந்த தேம்ஸ் அந்த தேம்ஸ் இல்லை

2023 ஜூலையில் லண்டனுக்குப் போயிருந்தோம். தேம்ஸ் நதிக்கரையில் உட்கார்ந்து தயிர் சாதமும் மாவடுவும் சாப்பிட்டோம். லீவு முடிஞ்சு வந்து இதைச் சொன்னதும் பிராஞ்சில் எல்லாரும் "பிக் பென் பாத்தீங்களா மேடம்?"னு கேட்டாங்க. பார்க்கலை. நான் போன லண்டன் கனடாவில் இருக்கு, ஒன்டாரியோ மாகாணத்தில். அங்கே ஓடற ஆத்துக்கும் தேம்ஸ்னுதான் பேர். 1790களில் சிம்கோன்னு ஒரு ஆங்கிலேய கவர்னர் வெச்ச பேர். அதுக்கு முன்னாடி பிரெஞ்சுக்காரங்க ஒரு பேர் வெச்சிருந்தாங்க. அதுக்கும் முன்னாடி அனிஷினாபே மக்கள் தெஷ்கான் சீபின்னு கூப்பிட்டாங்க, மான்கொம்பு ஆறுன்னு அர்த்தம். இப்பவும் அப்படிக் கூப்பிடறவங்க இருக்காங்க.

என் தம்பி அங்கேதான் குடும்பத்தோட இருக்கான். நயாகரா, டொரன்டோ கோபுரம் எல்லாம் முதல் வாரத்திலேயே முடிச்சாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, "அக்கா, இன்னிக்கு ஒரு இடம் காட்டறேன். டூரிஸ்ட் யாரும் போக மாட்டாங்க. ஆனா உனக்குப் பிடிக்கும். நம்ம தரங்கம்பாடி சமாச்சாரம் ஒண்ணு அதுல ஒளிஞ்சிருக்கு"ன்னான். எனக்கு அது போதும். நான் மாயவரத்துக்காரி, பொறையார்ல பி.காம் படிச்சவ. இருபது வருஷமா நாக்பூர், ராய்ப்பூர், மறுபடி நாக்பூர்னு சுத்தினாலும் தரங்கம்பாடின்னு காதுல விழுந்தா திரும்பிப் பார்ப்பேன்.

லாங்வுட்ஸ் ரோடுன்னு ஒரு பழைய சாலை. ஆத்தை ஒட்டியே தென்மேற்கா போகுது. ரெண்டு பக்கமும் சோளம் (நம்ம மக்காச்சோளம்), சோயா, நடுவுல எப்பவாவது ஒரு வீடு. தட்டைன்னா அப்படி ஒரு தட்டை, தஞ்சாவூர் ஜில்லாவைத் தூக்கி வெச்ச மாதிரி. ஒரு மணி நேரத்தில் பாத்வெல்ங்கற சின்ன ஊரைத் தாண்டினதும் சாலை ஓரமா ஒரு புல்வெளி வந்தது. வண்டியை நிறுத்தினான்.

அவ்வளவுதான், ஒரு புல்வெளி. ஒரு அறிவிப்புப் பலகை. என் பொண்ணு (அப்போ ஒன்பதாவது) "இதுக்கா மாமா இவ்ளோ தூரம்?"னு கேட்டா. எனக்கும் அதே கேள்விதான், கேக்கலை.

அந்தப் புல்லுக்கு அடியில ஒரு ஊர் இருந்தது. ஃபேர்ஃபீல்டுன்னு பேர். 1792ல கட்டினாங்க. மரக்கட்டை வீடுகள், நடுவுல தெரு, தேவாலயம், பள்ளிக்கூடம். கட்டினவங்க லெனாப்பே மக்கள். கூட மொரேவியன் சபைன்னு ஒரு ஜெர்மன் கிறிஸ்தவக் குழு. 1813 அக்டோபர் 5ல பக்கத்தில் ஒரு சண்டை. பிரிட்டிஷ் படையும் ஷானி இனத் தலைவர் டெகும்சேவும் ஒரு பக்கம், அமெரிக்கப் படை மறு பக்கம். டெகும்சே அன்னிக்கு விழுந்தார். ஜெயிச்ச அமெரிக்கப் படை இந்த ஊருக்குத் தீ வெச்சது. 1815ல ஜனங்க திரும்பி வந்து ஆத்துக்குத் தெற்குக் கரையில புதுசா கட்டிக்கிட்டாங்க. அந்தத் தெற்குக் கரைதான் இன்னிக்கு மொரேவியன்டவுன்ங்கற ரிசர்வ். சில நூறு பேர் வாழற ஊர்.

சரி, தரங்கம்பாடிக்கு வர்றேன். சீகன்பால்க் எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஆனா அவருக்கு அப்புறம், 1760ல, இதே மொரேவியன் சபைக்காரங்க தரங்கம்பாடிக்கு வந்து ஊருக்கு வெளியே ஒரு தோட்டம் போட்டுத் தங்கினாங்க. சகோதரர் தோட்டம்னு அதுக்குப் பேர். நிக்கோபார் தீவு வரைக்கும் போய்ப் பார்த்தாங்க. காய்ச்சலில் பல பேர் செத்து, ஒண்ணும் நடக்காம, 1800களின் தொடக்கத்துல மூட்டை கட்டிட்டாங்க. அவ்வளவு வருஷம் அங்கே படிச்சும் எனக்கு இது தெரியாது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து என் தம்பி சொல்லித்தான் தெரிஞ்சுது. வெட்கமாத்தான் இருந்தது.

லெனாப்பே மக்கள் இந்த ஊர்க்காரங்களே இல்லை. அவங்க பூர்வீகம் எதுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நியூயார்க்! மன்ஹாட்டன் தீவு, அதைச் சுத்தின பகுதி, நியூ ஜெர்சி முழுசும், பென்சில்வேனியாவின் கிழக்குப் பக்கம். நம்ம ஊர்ப் பசங்க ஐ.டி. வேலைக்குப் போய் வீடு வாங்கியிருக்காங்களே எடிசன், அதெல்லாம் இவங்க மண். வெள்ளைக்காரங்க இவங்களை டெலவேர்னு கூப்பிட்டாங்க. அந்தப் பேர் டி லா வார்ங்கற ஒரு ஆங்கிலப் பிரபுவோடது. அவர் பேரை ஆத்துக்கு வெச்சு, ஆத்தோட பேரை ஜனங்களுக்கு வெச்சாங்க. இப்போ கணக்குப் பண்ணிப் பாருங்க: ஜனங்களுக்கு ஒரு ஆங்கிலப் பிரபு பேர், ஊருக்கு ஐரோப்பாவுல இருக்கற மொரேவியாவோட பேர், ஆத்துக்கு இங்கிலாந்து ஆத்தோட பேர். அவங்க பேர் எங்கே? ஊர் நிர்வாகம் இப்போ தன் பேரை ஏலூனாபேவீ லாஹ்கேவீட்னு எழுதுது. நான் நாலு தடவை சொல்லிப் பார்த்தும் நாக்கு சுளுக்கிக்கிச்சு. பொண்ணு ஒரே தடவையில சொல்லிட்டா.

நியூயார்க்லேர்ந்து இங்கே நேர்க்கோட்டில் சுமார் 700 கிலோமீட்டர். ஆனா அவங்க நேர்க்கோட்டில் வரலை. இங்கேதான் என் பேங்க் மூளை முழிச்சுக்கிட்டது, ஏன்னா கதை முழுக்கப் பத்திரக் கதை.

மன்ஹாட்டனை டச்சுக்காரங்க 1626ல வாங்கினாங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆதாரம் என்ன? 60 கில்டர் மதிப்புக்கு வாங்கியிருக்குன்னு ஹாலந்துக்குப் போன ஒரு கடிதத்தில் ஒரு வரி. பத்திரம் கிடையாது. வித்தவர் கையெழுத்து கிடையாது, எல்லை விவரம் கிடையாது. இதை வெச்சு என்கிட்ட யாராவது வீட்டுக்கடன் கேட்டா லீகல் ஒப்பீனியனுக்குக்கூட அனுப்ப மாட்டேன். லெனாப்பேக்கு நிலம்ங்கறது வித்துட்டுப் போற பொருளே இல்லை, சேர்ந்து பயன்படுத்திக்கலாம்னுதான் அவங்க புரிஞ்சுக்கிட்டிருப்பாங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்றாங்க.

இதைவிட மோசம் 1737. பென்சில்வேனியாவை நிறுவின வில்லியம் பென் நல்ல மனுஷர்னு பேர் எடுத்தவர். அவர் பிள்ளைகள் 1686ல எழுதினதுன்னு ஒரு பழைய பத்திரத்தை நீட்டினாங்க. 'ஒரு மனுஷன் ஒண்ணரை நாள் நடக்கற தூரம்' நிலம் எங்களுக்குன்னு அதுல இருக்காம். லெனாப்பே பெரியவங்க ஒத்துக்கிட்டாங்க. ஆத்தங்கரையோரமா சாதாரணமா நடக்கற நடை, நடுவுல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு நடக்கறது, அவங்க நினைச்சது அது. பென் பிள்ளைகள் செஞ்சது என்ன தெரியுமா? முன்னாடியே காட்டுல பாதை வெட்டிவெச்சு, வேகமா ஓடற மூணு பேரைக் கூலிக்குப் பிடிச்சாங்க. ஒருத்தர் ஒண்ணரை நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல போனார். அங்கேர்ந்து கோட்டை நேரா ஆத்துக்கு இழுக்காம, தங்களுக்குச் சாதகமான கோணத்துல சாய்ச்சு இழுத்தாங்க. போன நிலம் ஏறக்குறைய ரோட் ஐலண்ட் மாநிலம் அளவு.

சர்வேயர் கோணத்தைச் சாய்ச்சு வரையற கதை நமக்குப் புதுசா என்ன!

இந்த வழக்கு எப்போ முடிஞ்சுதுன்னு பாருங்க. ஓக்லஹோமாவுல இருக்கற டெலவேர் நேஷன் 2004ல அமெரிக்க நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க. மொத்தத்தையும் கேக்கலை, ஈஸ்டன் பக்கத்துல 314 ஏக்கர். அதுல க்ரேயோலா க்ரேயான் தொழிற்சாலை இருக்கற இடமும் அடக்கம். கீழ்க் கோர்ட் தள்ளுபடி. 2006ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிடுச்சு. ஏமாத்தி வாங்கினதாவே இருந்தாலும், அரசாட்சி நடத்தினவங்க எடுத்துக்கிட்டா உரிமை அதோட தீர்ந்துபோச்சு. தீர்ப்பின் சாரம் இதுதான். என் பொண்ணு சின்ன வயசுல உடைச்சுப் போட்ட க்ரேயான் டப்பா எத்தனை! அதுல எழுதியிருந்த ஊர்ப் பேரை ஒரு நாளும் படிச்சதில்லை.

அதுக்கப்புறம் மேற்கே, மேற்கே. 1778ல சுதந்திரப் போர் நடந்துக்கிட்டிருந்தப்போ அமெரிக்கா ஒரு பூர்வகுடியோட எழுதின முதல் ஒப்பந்தமே இவங்களோடதான். பின்னாடி இவங்க தலைமையில ஒரு தனி மாநிலம் அமைச்சு, காங்கிரஸ்ல இடம் தரலாம்னுகூட அதுல ஒரு ஷரத்து. நாலே வருஷம். 1782 மார்ச் 8, ஓஹையோவில் க்னாடன்ஹூட்டன்ங்கற மொரேவியன் ஊர். போரில் யார் பக்கமும் சேராத கிறிஸ்தவ லெனாப்பே மக்கள். முந்தின வருஷமே பிரிட்டிஷ் தரப்பு அவங்களை அங்கேர்ந்து கிளப்பி வேற இடத்துல வெச்சிருந்தது. பசி தாங்காம, வயல்ல விட்டுட்டுப் போன சோளத்தை அறுக்கத் திரும்பி வந்தாங்க. பென்சில்வேனியா சிவிலியன் படை வந்து பிடிச்சுது. கொல்றதா வேண்டாமான்னு ஓட்டெடுத்தாங்க. வேண்டாம்னு சொன்னவங்க கொஞ்சம் பேர். ராத்திரி முழுக்க ஜனங்க பாட்டுப் பாடி ஜெபம் பண்ணினாங்க. காலைல 96 பேர். அதில் 39 குழந்தைகள். ரெண்டு பையன்கள் தப்பிச்சு வந்து சொன்னதாலதான் வெளியே தெரிஞ்சுது.

இந்த இடத்தில் தம்பி பேசறதை நிறுத்திட்டான். பொண்ணு புல்லைப் பிய்ச்சுக்கிட்டே இருந்தா. எனக்கு அந்த சோளம்தான் மனசுல நின்னுது. விதைச்சவனுக்குத்தானே அறுக்கத் தோணும்.

மிஞ்சினவங்களையும் மத்த மொரேவியன் ஊர்க்காரங்களையும் கூட்டிக்கிட்டு டேவிட் ஸைஸ்பர்கர்ங்கற பாதிரியார் பத்து வருஷம் டெட்ராய்ட் பக்கம், ஓஹையோ பக்கம்னு அலைஞ்சார். இங்கே வந்து ஃபேர்ஃபீல்டைப் போட்டப்போ அவருக்கு வயசு 71. நான் இதில் அவரைப் பெரிய ஹீரோவாக்க விரும்பலை. அந்தச் சபை நம்பிக்கையோட சேர்த்துக் கட்டுப்பாடும் கொண்டுவந்தது, பழைய சடங்குகளை விடச் சொன்னது. ஆனா அவர் லெனாப்பே மொழியைக் கத்துக்கிட்டு அதுல பாடப் புத்தகம் எழுதினார். சபைக்காரங்க நாள் தவறாம டைரி எழுதினாங்க. நம்ம டே புக் மாதிரி: இன்னிக்கு யார் வந்தாங்க, என்ன விதைச்சோம், எவ்வளவு சோளம் வித்தோம். சோளமும் மேப்பிள் சர்க்கரையும் வித்துத்தான் ஊர் ஓடியிருக்கு. நல்ல அக்கவுண்ட்!

புல்வெளியிலிருந்து கிளம்பி ஆத்துப் பாலம் தாண்டி அந்தப் பக்கம் போனோம். ரிசர்வ் ஒண்ணும் கண்காட்சி இல்லை, ஜனங்க குடியிருக்கற இடம். அதனால வீடுகளை போட்டோ எடுக்கக் கூடாதுன்னு தம்பி முன்னாடியே பொண்ணுகிட்ட சொல்லிட்டான். மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனோம். சட்டுனு மரம் வந்துடுச்சு. அதுவரைக்கும் வெயில்ல காஞ்சுக்கிட்டு வந்த கண்ணுக்கு அந்த நிழல் எப்படி இருந்தது தெரியுமா. வீட்டுக்கு வந்து செயற்கைக்கோள் படத்துல பார்த்தேன். சுத்தி எல்லாம் கட்டம் கட்டமா வயல், ஆத்தோட வளைவில் மட்டும் கரும்பச்சை.

அந்தக் காட்டைப் பத்தித் தம்பிக்கு நிறையத் தெரிஞ்சிருக்கு (ஆபீஸ் வேலையை எப்போ பார்க்கறான்னு தெரியலை). கனடாவோட மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத தென்கோடித் துண்டு இது. கரோலினியன் காடுன்னு பேர். கனடான்னா நாம நினைக்கற ஊசியிலை மரம் இல்லை. ஹிக்கரி, கறுப்பு வால்நட், துலிப் மரம், சஸ்ஸஃப்ராஸ். பா-பான்னு ஒரு பழம், நம்ம சீத்தாப்பழத்தோட சொந்தக்காரப் பழமாம்! செப்டம்பர்ல பழுக்கும்னான். எனக்கு லீவு ஜூலையோட சரி.

விஷயம் என்னன்னா, நியூ ஜெர்சியிலும் மன்ஹாட்டன்லயும் இருந்ததும் இதே வகைக் காடுதான். மன்ஹாட்டன்ங்கற பேருக்கு 'வில் செய்ய மரம் எடுக்கற இடம்'னு லெனாப்பேயோட மன்ஸீ மொழியிலிருந்து பொருள் சொல்றார் ஐவ்ஸ் கோடர்ட்ங்கற மொழியியல் அறிஞர். தீவோட தென்முனையில ஹிக்கரித் தோப்பு இருந்ததாம். இன்னிக்கு அங்கே வால் ஸ்ட்ரீட். ஆனா அந்த மரம் இங்கே நிக்குது. இவ்வளவு விரட்டியும் கடைசியில் தனக்குத் தெரிஞ்ச மரத்துக்கு அடியில்தான் வந்து உட்கார்ந்திருக்காங்க. இது தற்செயலா, பார்த்துத் தேர்ந்தெடுத்ததான்னு நான் தம்பியைக் கேட்டேன். "உனக்கு நாக்பூர்ல வேப்ப மரம் இருக்கற வீடுதான் வேணும்னு அத்தானோட சண்டை போட்டியே, அது தற்செயலா?"ன்னு திருப்பிக் கேட்டான்.

சோகமும் அந்த நிழல்ல இருந்தது. நடுநடுவே மொட்டை மரங்கள், பட்டை உரிஞ்சு. ஆஷ் மரம். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு 2002ல டெட்ராய்ட் பக்கமும் வின்ஸர் பக்கமும் முதலில் தெரிஞ்சுது, அப்புறம் ஆஷ் மரங்களை அடியோட அழிச்சுக்கிட்டு வருது. கறுப்பு ஆஷ் மரத்தைத் தட்டித் தட்டி நார் நாராப் பிரிச்சுத்தான் இந்த ஜனங்க கூடை முடைவாங்க. மரம் போனா கூடை போச்சு, கூடை முடையற கை போச்சு, அந்தக் கை சொல்லிக்கொடுக்கற வார்த்தைகளும் போச்சு.

நிலம் எவ்வளவுன்னு கேக்கறீங்களா? 1790கள்ல ஒதுக்கினது 50,000 ஏக்கருக்கு மேல். இன்னிக்கு ரிசர்வ் சுமார் 3,000 ஏக்கர். நடுவுல இருக்கறதெல்லாம் கையெழுத்து வாங்கிக் கையெழுத்து வாங்கிப் போனது.

கனடாவில் ரிசர்வ் நிலத்தைப் பொதுவா வெளியாளுக்கு அடமானம் வைக்க முடியாது. 1876ல வந்த இந்தியன் ஆக்ட் வழி வந்த ஏற்பாடு. நிலத்துக்குச் சட்டப்படி உரிமையாளர் அரசர், அனுபவிக்கிறது ஜனங்க. கடன் பாக்கிக்கு பேங்க் ஜப்தி பண்ண முடியாது. அதனாலேயே பேங்க்காரன் சுலபமா வீட்டுக்கடன் தர மாட்டான், அரசாங்க உத்தரவாதம் கொண்டுவாம்பான். இது எனக்குப் புதுசில்லை. கட்சிரோலி பக்கம் ஒரு பிராஞ்சில் மூணு வருஷம் இருந்தேன். கோண்டு விவசாயிகள் வருவாங்க. பழங்குடி நிலத்தைப் பழங்குடி அல்லாதவருக்கு மாத்த கலெக்டர் அனுமதி வேணும்ங்கற சட்டம் இங்கேயும் இருக்கு. ஒரு பெரியவர் கிணறு வெட்டக் கடன் கேட்டு எட்டு ஏக்கர் காகிதத்தோட வந்தார். செக்யூரிட்டி சரியில்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பினது நான்தான். 'இந்தச் சட்டத்தால் இவங்களுக்குத்தான் நஷ்டம்'னு அப்போ வீட்டில் வந்து புலம்பினேன். ஒண்ணரை நாள் நடைக் கதையைக் கேட்ட பிறகு அப்படிப் புலம்ப முடியலை. அந்தச் சட்டம் இல்லைன்னா அவர் கையில எட்டு ஏக்கர் இருந்திருக்குமா? ஆனா கிணறு வெட்டலைங்கறதும் உண்மை. ரெண்டும் உண்மை. என்கிட்ட பதில் இல்லை.

கடைசியா மொழி. மன்ஸீயைத் தாய்மொழியாப் பேசி வளர்ந்தவங்க இன்னிக்கு உலகத்துலேயே இந்த ஒரு ஊர்ல, ஒரு கை விரலுக்குள்ள. எப்படி இப்படி ஆச்சு? இந்தப் பகுதிப் பூர்வகுடிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வெச்ச மவுண்ட் எல்ஜின்னு ஒரு உறைவிடப் பள்ளி 1851லிருந்து 1946 வரைக்கும் நடந்தது. இப்படிப்பட்ட பள்ளிகளுக்காகக் கனடாப் பிரதமர் 2008ல நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சொந்த மொழி பேசினா தண்டனை. அடி வாங்கின பிள்ளை பெத்தவளானப்போ தன் பிள்ளைக்கு அந்த அடி வேண்டாம்னு ஆங்கிலத்திலேயே பேசினா. அவ்வளவுதான், ரெண்டு தலைமுறை போதும்.

ஆனா முடிஞ்சுபோகலை. ஊர்ல வகுப்பு நடத்தறாங்க. 1996ல டொரன்டோ பல்கலைக்கழகம் பதிப்பிச்ச ஒரு அகராதி இருக்கு. ரொம்ப ஆச்சரியம், இந்த ஊர்லேர்ந்து போன ஒரு ஆசிரியை மன்ஹாட்டன்லயே இந்த மொழியைச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. நானூறு வருஷம் கழிச்சு அந்தத் தீவோட பேச்சு அந்தத் தீவுக்குத் திரும்பிப் போயிருக்கு, கட்டணம் இல்லாத வகுப்பா வேற என்னவாவா, எப்படியோ.

வண்டியில திரும்பி வரும்போது நான் என் வழக்கமான பல்லவியை ஆரம்பிச்சேன். "பாத்தியா, உன்னை யாரும் அடிக்கலை, தடுக்கலை. இருந்தும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியலை"ன்னு. பொண்ணு வெடுக்குனு சொன்னா, "அம்மா, அவங்களைத் துரத்தினாங்க. நம்மளை டிரான்ஸ்ஃபர்தானே பண்ணினாங்க. ரெண்டும் ஒண்ணா?" தம்பி சிரிச்சுட்டான். அவ சொன்னது சரிதான். டி.ஏ. வாங்கிக்கிட்டு, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வெச்சு ஊர் மாறினவ நான். எனக்குத் திரும்பிப் போக மாயவரம் அங்கேயே இருக்கு. வாயை மூடிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். ஆறு கொஞ்ச தூரம் கூடவே வந்தது, கலங்கலா, அவசரமே இல்லாம.

தம்பி அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருந்தான். நன்றிங்கறதுக்கு மன்ஸீயில் அனுஷீக். நாக்பூர் வந்து பத்து நாள் இருக்கும். காலைல ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனா, கதவுல ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு. அதுல அந்த வார்த்தை, தமிழ் எழுத்துல. இங்கிலீஷ்ல எழுதினா சத்தம் சரியா வரலையாம், தேவநாகரியும் முயற்சி பண்ணினாளாம், கடைசியில ஆயா அனுப்பிச்ச அரிச்சுவடியைத் தேடி எடுத்திருக்கா. மூணு சுழி ண போட்டிருந்தா, ஷீ மேல சுழி தலைகீழா இருந்தது.

திருத்தலை. இன்னும் அப்படியே ஒட்டியிருக்கு. ஒரு ஓரம் மட்டும் பால் கவர் ஈரம் பட்டுச் சுருண்டுபோச்சு.